‘எங்கள்’ என்பதில் யார் யார்?

தோழர்களுக்கு,

இதழ் இந்த முறையும் தாமதம். காகித விலை, அச்சகக் கடன் என்ற வழக்கமான காரணங்களோடு இந்தத் தடவை இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தலையங்கத்தை எழுதி முடித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். ஜெபத்தைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த தோழர் ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார்: “சாதி ஒழிப்புப் பத்திரிகையில ஜெபத்துக்கு என்ன தோழர் வேலை? கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்ததுனாலதான நம்மாளு எல்லாத்தையும் விட்டான்?”

கேள்வி நியாயமானது. ஆனால் இந்த இதழை வாங்குகிறவர்களில் எத்தனையோ பேர் வீட்டில், விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு அம்மா முழங்காலில் நிற்கிறாள். மேடையில் நாம் பேசும் விடுதலை, அவள் முழங்காலில் நின்று கேட்கும் விடுதலைக்கு அந்நியமா? அந்நியம் என்று சொல்லிவிட்டு அவளைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. அதனால் மறுபடியும் எழுதுகிறேன். இந்த முறை கொல்லிமலையிலிருந்து தொடங்குகிறேன்.

காரவள்ளியில் தொடங்கும் மலைப்பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் சேரி அந்த மலையின் அடிவாரத்தில்தான். சின்ன வயதில் பேளுக்குறிச்சி சந்தையில் அம்மா மூட்டை தூக்கும்போது, மலையிலிருந்து மிளகும் பலாவும் கொண்டுவருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலே போனதில்லை. போன மாதம்தான் போனேன். வாழவந்தி நாட்டில் இரண்டு கல்லறைகளைப் பார்க்கவேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது. ஒன்று ஜெஸ்ஸி பிராண்ட் என்ற வெள்ளைக்காரருடையது. மற்றது அவர் மனைவி எவலினுடையது. “வெள்ளக்காரப் பாட்டி ஒண்ணு மட்டக்குதிரை மேல மலை மலையா சுத்துமாம்” என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மிஷனரி புராணம் பாடுவதற்காக இதை எழுதவில்லை. வெள்ளைக்காரன் வந்தான், இருட்டில் கிடந்த காட்டுமிராண்டிகளுக்கு வெளிச்சம் காட்டினான் என்ற கதையாடலில் நமக்கு உடன்பாடு கிடையாது. டோலி கட்டித் துரைசானிகளைத் தூக்கிக்கொண்டு மலையேறியவர்களுக்கு அந்தக் கதைகளில் பெயர் வருவதில்லை. பெயரில்லாத அந்தத் தோள்களின் வாரிசுகள்தான் நாம். அந்த நினைவோடுதான் பிராண்ட் கதையை வாசிக்க வேண்டும். அப்படி வாசித்தாலும் அதில் ஒரு விஷயம் மிஞ்சுகிறது. அது ஜெபம் சம்பந்தப்பட்டது.

ஜெஸ்ஸி பிராண்டும் எவலினும் 1913இல் கல்யாணம் முடித்துக் கொல்லிமலைக்கு வந்தார்கள். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். அன்று அந்த மலை மலேரியாவுக்குப் பேர்போனது. கீழ்நாட்டார் ஏறவே பயப்படுவார்கள். முதல் சில வருஷங்கள் ஒருவர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை. கணக்குப் பார்க்கிற மிஷன் பார்வையில் அது தோல்வி. அந்த வருஷங்களில் ஜெஸ்ஸி என்ன செய்தார்? காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார். காலில் புகுந்த நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே இழுத்தார். அசுத்தத் தண்ணீரில்தான் அந்தப் புழு வருகிறது என்று சொல்லிக் கிணறுகளுக்குக் கல்சுவர் கட்டச் சொன்னார். தச்சுவேலை கற்றுக்கொடுத்தார். பள்ளிக்கூடம் நடத்தினார்.

முதலாம் உலகப்போர் முடிந்த சமயம் இன்ஃபுளுயன்சா உலகத்தையே வாரிக்கொண்டு போனது. இந்தியாவில் மட்டும் கோடிக்கு மேல் பிணம் விழுந்தது. கொல்லிமலையிலும் வீடு வீடாகச் சாவு. சொந்தக்காரனே கிட்டப் போகப் பயந்த வீடுகளுக்குப் புருஷனும் பெண்டாட்டியும் கஞ்சி காய்ச்சி எடுத்துப் போனார்கள். அதுவரை அவர்களை எதிர்த்து நின்ற உள்ளூர்ப் பூசாரி சாகக் கிடந்தபோது ஆளனுப்பி, தன் கைக்குழந்தையை அவர்களிடம்தான் ஒப்படைத்தார். மலையில் சபை உருவாகத் தொடங்கியது அதற்கப்புறம்தான். ஜெஸ்ஸி பிராண்ட் 1929 ஜூன் 15 அன்று, மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப்போகும் கருநீர்க் காய்ச்சலில் செத்தார். வயது 44. ஓய்வு பெற்ற பிறகும் எவலின் ஊருக்குக் கப்பல் ஏறவில்லை. திரும்ப மலையேறினார். பச்சைமலை, கல்வராயன் மலை என்று சுற்றினார். நடக்க முடியாதபோது இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு நடந்தார். 1974 டிசம்பரில் 95 வயதில் இறந்தார். புருஷன் பக்கத்திலேயே புதைத்தார்கள்.

அந்த இரண்டு கல்லறை முன்னால் நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான். இவர்கள் விடிகாலையில் முழங்காலில் நின்றதைப் பூசாரி பார்த்திருக்க மாட்டார். தன் வீட்டுத் திண்ணைக்குக் கஞ்சிச் சட்டி வந்ததைப் பார்த்தார். அந்தக் கஞ்சிச் சட்டிதான் அவருக்குப் புரிந்த ஜெபம்.

அவர்கள் மகன் பால் பிராண்ட் கதையும் இதே திசையில்தான் போகிறது. அப்பாவின் தச்சுப் பட்டறையைப் பார்த்து வளர்ந்தவர். லண்டனில் கட்டட வேலை கற்ற பிறகே டாக்டருக்குப் படித்தவர். 1940களின் கடைசியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். உலகமே மெச்சியது. ஆனால் குணமான நோயாளிகள் திரும்பி வந்து வருத்தத்தோடு ஒன்று சொன்னார்கள்: இந்தக் கையை வைத்துப் பிச்சைகூட எடுக்க முடியவில்லை, வேலையும் எவனும் தரமாட்டேன் என்கிறான். விரலை நிமிர்த்தினால் போதாது, விரலுக்கு வேலை வேண்டும் என்று அவருக்கு உறைத்தது. நவஜீவ நிலையம் என்ற குடியிருப்பை உண்டாக்கித் தச்சுவேலை கற்றுக்கொடுத்தார். குணமாக்கியதோடு கைகழுவிவிடுவது பாதி ஜெபம். ஞானஸ்நானம் கொடுத்ததோடு கைகழுவிவிடுவதும் அப்படித்தான்.

அந்த ராத்திரி மலையில் ஒரு வீட்டில் தங்கினேன். மலையாளிப் பழங்குடிக் குடும்பம். வயசான ஒரு அம்மா சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் பண்ணினார். தூய தமிழும் இல்லை, வேதாகமத் தமிழும் இல்லை. “சாமி, மழை தள்ளிப் போவுது, மொளகுக் கொடி காயுது” என்று ஆரம்பித்து, ஊரில் ஒவ்வொரு வீடாகப் பேர் சொன்னார். யாருக்கு முழங்கால் வலி, யார் வீட்டு மாடு கன்று போடணும், யார் மகன் திருப்பூரில் வேலையில்லாமல் நிற்கிறான் என்று எல்லாம் வந்தது. கோயில் பூசாரி பேத்தியின் பரீட்சையும் வந்தது. முடிந்ததும் கேட்டேன்: “அம்மா, அவுங்கல்லாம் சபைக்கு வர்றவங்களா?”

“வரமாட்டாங்க தம்பி. அதுக்கென்ன? எங்க ஆளுங்கதான?”

சொல்லிவிட்டுக் களியை எடுக்கப் போனவர், பேச்சுவாக்கில் என்னைக் கேட்டார்: “தம்பி, நீங்க என்ன ஆளுங்க?”

சொன்னேன். அந்தக் கை ஒரு நொடி நின்றது. ஒரே ஒரு நொடிதான். பிறகு களி என் தட்டில் விழுந்தது. பக்கத்தில் கீரையும் விழுந்தது. அவரும் என் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். தோழர்களே, நான் எழுத வந்தது அந்த ஒரு நொடியைப் பற்றித்தான். ‘எங்க ஆளுங்க’ என்ற சொல் ஊர் முழுவதையும் அணைத்துக்கொண்டு வந்து, என் முன்னால் வந்ததும் ஒரு நொடி திகைத்தது. அப்புறம் தாண்டியது. நம் திருச்சபைகள் அந்த ஒரு நொடியிலேயே சில நூறு வருஷமாக நின்றுகொண்டிருக்கின்றன.

இயேசு தம் சீடருக்குக் கற்றுக்கொடுத்த ஜெபத்தைக் கவனியுங்கள். அதில் ‘என்’ என்ற சொல் கிடையாது. அப்பா எங்களுக்கு, சோறு எங்களுக்கு, மன்னிப்பு எங்களுக்கு. தனியாளாக ஒருவன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாலும் பன்மையில்தான் சொல்லியாக வேண்டும். தமிழில் இதற்கு இன்னும் ஒரு நுட்பம் உண்டு. கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நம்’. கேட்கிறவரை எதிரில் நிறுத்தினால் ‘எங்கள்’. கடவுளிடம் பேசும்போது ‘எங்கள்’ என்கிறோம். அப்படியென்றால் அந்தப் பக்கம் கடவுள், இந்தப் பக்கம் மனுசர் அத்தனை பேரும். நடுவில் ஒரே ஒரு கோடு. இந்தப் பக்கத்துக்குள் இன்னொரு கோடு கிழிக்க அந்தச் சொல்லில் இடமே இல்லை.

ஆனால் அதே சொல்லை ஊருக்குள் கேட்டுப் பாருங்கள். எங்க தெரு, எங்க தேரு, எங்க கல்லறை. இந்த ‘எங்க’வுக்கு வெளியே நிற்பது கடவுள் அல்ல, நாம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே வாய் இரண்டு ‘எங்கள்’ளையும் சொல்கிறது.

இது இன்று நேற்றுக் கதையில்லை. 1833இல் ஆயர் டானியேல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூர்ப் பகுதியின் வேளாளக் கிறித்தவர்கள் சபையைவிட்டே வெளியேறத் தயாரானார்கள். வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலே கால்சட்டை மாதிரி இரண்டு கிளையாகப் பிரிந்தது. ஒரு கிளையில் ஒரு சாதி, இன்னொரு கிளையில் மற்றவர்கள், நடுவில் சுவர். அந்தச் சுவரை இடிக்க 1910 ஆயிற்று. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் பிணங்களுக்கு நடுவில் சுவர். அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டதைத் தொடர்ந்து மூண்ட கலவரத்தில், 2008 மார்ச் 9 அன்று போலீஸ் சுட்டு இரண்டு உயிர் போயிற்று. அவ்வளவு தூரம்கூட போக வேண்டாம். துறையூர்ப் பக்கம், எவலின் சுற்றிய அதே பச்சைமலை அடிவாரத்தில், கும்பகோணம் மறைமாவட்டத்தின் கோட்டப்பாளையம் பங்கு இருக்கிறது. திருவிழாவிலும் தேர்பவனியிலும் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று அந்தப் பங்கின் தலித் மக்கள் நீதிமன்றப் படியேறினார்கள். உயர்நீதிமன்றத்தில் வழி பிறக்காமல் டெல்லி வரை போனார்கள். 2025 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. சாமி தேரில் வர, நம் தெருவுக்கு வருமா என்று கேட்க ஜட்ஜிடம் மனுப் போட வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் நாம் கிளப்பிவிடும் அவதூறு என்று யாரும் தப்பிக்க முடியாது. கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. இந்தியக் கத்தோலிக்கர் சுமார் 1 கோடியே 90 லட்சம் பேரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும் அதே அறிக்கை சொன்னது. அப்படியென்றால் ‘எங்கள்’ என்ற சொல்லில் பெரும்பான்மையே நாம்தான். நாம் இல்லாமல் அந்த ஜெபத்தைச் சொல்லக்கூட ஆளில்லை.

சபைக்குள் இப்படியென்றால், அரசாங்கம் நம் ஜெபத்துக்கு வேறொரு விலை வைத்திருக்கிறது. இதுவும் கொல்லிமலையில்தான் எனக்குப் பளிச்சென்று புரிந்தது. மேலே எனக்குக் களி போட்ட அந்த அம்மா கிறித்தவர். அவர் பேரன் சாதிச் சான்றிதழில் பழங்குடிதான். பழங்குடிப் பட்டியலில் மதம் பற்றிப் பேச்சே இல்லை. அது அவர்கள் உரிமை. அதைப் பறிக்க வேண்டும் என்று இன்று கிளம்பியிருக்கும் கூட்டத்தை நாம் உயிரைக் கொடுத்து எதிர்க்க வேண்டும். ஆனால் எழுபது வளைவு இறங்கிக் கீழே வந்தால், அதே இயேசுவிடம் அதே ஜெபத்தைச் சொல்லும் எங்கள் சேரிப் பையன் பட்டியல் சாதி இல்லை. 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி அவனை வெளியே தள்ளியது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவனுக்கும் முஸ்லிமுக்கும் கதவு சாத்தியே கிடக்கிறது. தமிழ்நாட்டில் அவன் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், ஊரில் அவனை அடிக்கிற சாதிகளோடு ஒரே வரிசையில் நிற்கிறான்.

சூசை என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளியை நாம் மறக்கக் கூடாது. சென்னை ரத்தன் பஜார் நடைபாதையில் உட்கார்ந்து தொழில் செய்த ஆதிதிராவிடர். 1982இல் அரசு நடைபாதைத் தொழிலாளிகளுக்கு இலவசப் பெட்டிக்கடை கொடுத்தபோது, நீ கிறித்தவன் என்று அவருக்கு மறுத்தார்கள். உச்சநீதிமன்றம் 1985இல் என்ன சொன்னது? மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாதாம். பழைய மதத்தில் இருந்த அதே கொடுமை அதே கடுமையோடு புதிய மதத்திலும் தொடர்வதை நிரூபிக்க வேண்டுமாம். வெயிலில் உட்கார்ந்து செருப்புத் தைக்கிறவன் இந்த ஆராய்ச்சியை எங்கே உட்கார்ந்து செய்வான்? வாரை அறுக்கும் கத்தி இந்துவா, கிறித்தவனா?

2024 நவம்பர் 26 அன்று வந்த தீர்ப்பு இன்னும் ஒரு படி போனது. புதுச்சேரியில் எழுத்தர் வேலைக்குப் பட்டியல் சாதிச் சான்று கேட்ட ஒரு பெண்ணின் வழக்கு. அவர் குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றதையும், தவறாமல் கோயிலுக்குப் போவதையும் நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின்மேல் செய்யும் மோசடி என்றது. கவனியுங்கள் தோழர்களே, ஜெபத்துக்குப் போவது சாட்சியமாகிவிட்டது. எத்தனை வீடுகளில் சான்றிதழில் ஒரு பேரும் சபையில் ஒரு பேருமாக நம் ஜனங்கள் வாழ்கிறார்கள்! கோயில் மணி அடித்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கிறவர்களை எனக்குத் தெரியும். பொய் சொல்லும் ஆசையிலா? பிள்ளை படிக்கணும், சாமியும் வேணும். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று இந்த நாட்டில் வேறு யாரிடம் சொல்கிறார்கள்? மோசடி செய்தது அந்தப் பெண்ணா, மூன்றாம் பத்தியா?

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று தீர்மானம் போட்டது. மத்திய அரசு 2022இல் நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையத்தை அமைத்து, அதன் காலத்தையும் நீட்டித்தது. 2004இல் போட்ட வழக்கு இருபது வருஷத்தைத் தாண்டி இழுத்தது. ஆணையத்துக்கு மேல் ஆணையம் போடுவதும் ஒருவிதமான நீண்ட ஜெபம்தான். நீண்ட ஜெபம் செய்துகொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்கள் பற்றி இயேசு காறித் துப்பாத குறையாகப் பேசினார்.

இப்போது என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில், ஊர்பேர் வேண்டாம், முன்வரிசைப் பாய் ஊர்த்தெருக்காரருக்கு. பின்னால் வெறுந்தரை எங்களுக்கு. இராப்போசனமும் அவர்கள் முடித்த பிறகுதான் எங்களுக்கு. ஒரு ஞாயிறு எல்லாரும் அந்த ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தபோது அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். “அந்த வார்த்தையே வாயில வரல கண்ணு. ‘எங்கள்’னு சொல்ல வந்தா முன்னால அந்தப் பாய் தெரியுது. பொய் சொல்லிட்டு சாமிகிட்ட என்னத்தக் கேக்குறது?” என்றாள்.

அடுத்த ஞாயிறு சீக்கிரமே போய் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்தாள். பாய் காலியானது. வந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டு ஒதுங்கி ஒதுங்கிச் சுவரோரம் போனார்கள். போதகர் ஒன்றும் பேசவில்லை. ஆறு வாரம் அப்படியே ஓடியது. ஆறு வாரமும் அவ்வளவு பெரிய பாயில் அம்மா ஒருத்தி. “நல்லா தாராளமா மண்டிபோட்டேன்” என்று சிரிப்பாள். ஏழாவது வாரம் சேரியிலிருந்து இன்னும் நாலு பெண்கள் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் பாய் இல்லை. எல்லாருக்கும் தரை என்று சபை முடிவெடுத்தது. சமத்துவம் அப்படி வந்தது, கோபத்தோடு வந்தது. அம்மா அதைத் தோல்வி என்றும் சொல்லவில்லை, ஜெயம் என்றும் சொல்லவில்லை. “இப்ப ‘எங்கள்’னு சொல்ல முடியுது” என்றாள்.

என் தோழர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். எங்கள் அம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்ததால் நிலம் போகவில்லை. அவள் கண்ணைத் திறந்துகொண்டு செய்த ஜெபம் ஒரு பாயையாவது சுருட்டியது. நம்மை மயக்கும் ஜெபமும் உண்டு, மறுக்கவில்லை. காணிக்கைக் கவரில் விண்ணப்பத்தை எழுதி அனுப்பு, எண்ணெய் வரும், வேலை வரும், வீடு வரும் என்று நம் சேரித் தாய்மாரின் கூலியை உறிஞ்சும் வியாபாரம் நடக்கிறது. அதில் எல்லாமே ‘என்’தான். ‘எங்கள்’ கிடையாது. அந்த வியாபாரத்தையும் என் அம்மாவின் முழங்காலையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பது பகுத்தறிவு அல்ல, சோம்பேறித்தனம்.

இயேசு சொன்ன கதை ஒன்று உண்டு. இரண்டு பேர் கோயிலுக்குப் போனார்கள். ஒருவன் நிமிர்ந்து நின்று, அதோ நிற்கிறானே, அவனைப்போல் நான் இல்லை, உமக்கு நன்றி என்று ஜெபித்தான். வேதத்தில் பதிவாகியிருக்கும் சுத்தமான சாதி ஜெபம் அது. கடவுள் அதைக் கேட்கவில்லை என்று இயேசு தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்பீல் கிடையாது. இன்னொரு இடத்தில் அவர் சொன்னது நடைமுறை விதி: காணிக்கையோடு பீடத்துக்கு வந்த இடத்தில், உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே போட்டுவிட்டுப் போ, முதலில் அவனோடு ஒப்புரவாகு, பிறகு வா. அப்படியானால், கல்லறையில் சுவர் வைத்திருக்கும் பங்கில் அந்தச் சுவர் விழும்வரை பூசை எப்படி நடக்கிறது? பாதிரிமார் பதில் சொல்லட்டும்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய ‘பரட்டை’ தியோபிலஸ் அப்பாவு, 2005இல் மறைந்தவர், இதை நமக்கு முன்பே யோசித்தவர். ‘பிதா’ என்ற சொல் சேரியின் நாக்கில் ஒட்டவில்லை என்று ‘பெத்தவர்’ என்று கூப்பிட்டார். அதில் அப்பனும் உண்டு, ஆத்தாளும் உண்டு. தீட்டு என்று வெளியே நிறுத்திய பறையைக் கோயிலுக்குள் கொண்டுவந்தார். ஊரே ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்பதுதான் இராப்போசனம் என்று ‘ஒரு உலை’யைப் பேசினார். ஜெபமும் சோறும் வேறு வேறு அல்ல என்பதை மலையில் அந்த அம்மாவின் கை எனக்குக் காட்டியது. பரட்டை அதை இறையியலாகவே எழுதி வைத்தார்.

ஆகவே தோழர்களே, மூன்று பேரிடம் மூன்று விஷயம் கேட்கிறோம்.

திருச்சபைகளிடம்: அறிக்கை போதும். கல்லறைச் சுவரை இடியுங்கள். தேர் எல்லாத் தெருவிலும் வரட்டும். அதுவரை ஞாயிறுதோறும் அந்த ஜெபத்தில் ‘எங்கள்’ என்று சொல்லும்போது கண்ணை மூடாதீர்கள். பக்கத்தில் யார் நிற்கிறார், யார் நிற்கவில்லை என்று பாருங்கள்.

அரசிடம்: மூன்றாம் பத்தியை நீக்கு. எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்று பார்த்தா சாதிக்காரன் எங்களை வெட்டுகிறான்?

நம் தோழர்களிடம்: வீட்டில் ஜெபிக்கும் தாயைக் கிண்டல் செய்யாதீர்கள். அவள் யாருக்காக ஜெபிக்கிறாள் என்று ஒருநாள் காதுகொடுத்துக் கேளுங்கள். அவள் சொல்லும் பேர்ப் பட்டியல், நம் அமைப்பின் உறுப்பினர் பட்டியலைவிட நீளமாக இருக்கும். அந்தப் பட்டியலோடு தெருவுக்கு வர அவளைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டால் வருவாள்.

மலையிலிருந்து கிளம்பும் காலையில் அந்த அம்மா மறுபடியும் ஜெபம் பண்ணினார். பேர் வரிசையின் கடைசியில் என் பேரும் வந்தது. எங்கள் சேரியின் பேரும் வந்தது. இந்த முறை நிறுத்தம் இல்லை.

தோழமையுடன்,
ஆசிரியர்